ஓசூரில் அளந்த மூன்று தொலைவுகள்

இக்கட்டுரையில் வரும் தொலைவுகள் ஒவ்வொன்றும் குறைந்தது இரு முறை அளக்கப்பட்டவை. பேச்சுகள் அன்றன்று மாலையே குறிப்பேட்டில் எழுதி வைத்தவை. பார்த்தேன் என்று சொல்லுமிடத்தில் என் கண்ணால் பார்த்தேன். கேட்டேன் என்னுமிடத்தில் என் காதால் கேட்டேன். அப்பகுதியின் குன்றுகளுடைய உயரம், ஏரியின் வயது, ஊர்ப்பெயர்களின் தோற்றம் ஆகியவை பற்றிப் பலர் பலவாறு சொன்னார்கள். சரிபார்க்க வழியில்லாததால் அவற்றை விட்டுவிட்டேன். பயணம் எழுதுவோர் பொதுவாக இவ்வளவு கெடுபிடி செய்வதில்லை என்பதை அறிவேன். ஆனால் இந்தப் பயணத்தில் நான் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தேன். அந்தத் தவற்றை நம்பி என் நண்பன் கையெழுத்திட்டான். அதன்பின் எழுதும் கட்டுரையில் சரிபாராத ஒன்றைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. காலையில் ஆற்றில் நீந்துவதும் மாலையில் நடப்பதும் தவிர வேறு உடற்பயிற்சி அறியாதவனாக இருந்தேன். கடல் கடந்த ஒரு தீவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கு நடக்கவிருந்த டிரையத்லான் போட்டிக்கு என்னைக் கேளாமலே என் பெயரைக் கொடுத்துவிட்டான். ஒரே நாளில், இடையில் ஓய்வின்றி, 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். முதலில் சினம் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பழைய கியர் மிதிவண்டியை விலைக்கு வாங்கியிருந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் நம்பும்படி ஒரு விடையை என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

முதன்முறை கலந்துகொள்வோர் ஓர் உறுதிமொழிப் படிவம் அனுப்ப வேண்டும் என்பது போட்டியின் விதி. மூன்று தொலைவுகளையும் பயிற்சியில் தனித்தனியே, ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் முடித்திருக்கிறேன் என்று நாளும் இடமும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். கீழே ஒரு சாட்சியும் கையெழுத்திட வேண்டும். படிவம் சென்று சேரவேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய பத்து நாள், தேர்வுக்கு முன் கல்லூரிக்கு விடப்படும் படிப்பு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை எனக்குத் தேர்வு மேற்பார்வைப் பணி. ஆகவே அந்தப் பத்து நாளுக்குள் மூன்றையும் முடிக்க வேண்டும். இல்லையேல் தீவுக்குப் போவதில்லை.

கும்பகோணத்தில் மேடு கிடையாது. தீவின் சாலை முழுவதும் ஏற்றம் என்று தம்பி எழுதியிருந்தான். அப்போதுதான் சிக்கந்தரை நினைத்தேன். பள்ளியில் ஆறாண்டு என்னோடு ஒரே பலகையில் இருந்தவன். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறான். இயந்திரத்திலிருந்து இறங்கும் பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்திட்டு அனுப்புவான். இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் பூசி ஒதுக்குவான். தொலைபேசியில் அவனிடம் சொன்னேன்.

“வாடா. இங்க மேடு இருக்கு, ஏரி இருக்கு, குளிரு இருக்கு. சாட்சிக் கையெழுத்தும் நானே போட்டுத் தர்றேன். ஆனா அளக்காம போடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றான்.

சனிக்கிழமை. சேலத்தில் பேருந்து மாறினேன். நடத்துநர் என் மிதிவண்டியைக் கூரைமேல் ஏற்றிக் காலித் தக்காளிப் பெட்டிகளோடு சேர்த்துக் கட்டினார். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் நான்குவழிச் சாலை போடும் வேலை. பேருந்து பாதி நேரம் சாலையிலும் மீதி நேரம் வயலோரத்திலும் சென்றது. ஓசூரில் இறக்கியபோது முன்சக்கரம் வடக்கையும் கைப்பிடி கிழக்கையும் பார்த்தன.

“நேராத்தான் சார் ஏத்துனேன். கிருஷ்ணகிரிக்கு அப்பால ரோடே வளைஞ்சு வளைஞ்சு போவுது. அதுவும் அப்டியே வந்துடுச்சு” என்றார் நடத்துநர், சற்றும் கலங்காமல்.

வீட்டில் சிக்கந்தர் ஒரு மூலைமட்டத்தை எடுத்து வந்து, கைப்பிடியைச் சக்கரத்துக்குச் செங்குத்தாக நிறுத்திவிட்டுத்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தான். திரும்பும்போது வண்டியைப் பேருந்தில் ஏற்றுவதில்லை, லாரி பார்சலில் அனுப்புவது என்று அன்றே முடிவு செய்தோம்.

அவன் மனைவி ஜரினா கிருஷ்ணகிரியில் பிறந்தவர். ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் மேற்பார்வை செய்கிறார். எட்டுத் தையல் வரிசைகளை ஒரே குரலில் நடத்துபவர் என்பதால், என்னை நடத்துவது அவருக்குப் பெரிய வேலையாக இல்லை. முதல் நாள் காலையிலேயே கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும் வைத்தார். நான் களியைப் பிட்டு மெல்லத் தொடங்கினேன்.

“மெல்லாதீங்கண்ணே. உருட்டி முழுங்கிடணும். மென்னீங்கன்னா பல்லுல ஒட்டிக்கும், அப்பறம் நீங்க ஊட்ட உட்டுக் கெளம்ப மத்தியானம் ஆயிடும்.”

எங்கள் பக்கத்தில் மெல்லாமல் விழுங்குவது மருந்தை மட்டுமே. இருப்பினும் பயனை எழுதத்தான் வேண்டும். காலையில் சோறோ இட்டிலியோ உண்டு ஓடினால் பத்து மணிக்கு எனக்குப் பசிக்கும். களி உண்ட நாள்களில் ஒரு மணிவரை பசி தோன்றவில்லை. ஐந்து நாள் குறித்துப் பார்த்தேன். ஐந்து நாளும் அப்படியே. அந்தத் தெருவில் இதற்கு ஒரே பெயர் இல்லை. ஜரினாவுக்கு அது களி. இடப்பக்க வீட்டார் கன்னடத்தில் முத்தெ என்றார்கள். எதிர்வீட்டார் தெலுங்கில் சங்கடி என்றார்கள். தெருவிலிருந்த சிறுவர்கள் எந்த வீட்டுக்குள் நுழைகிறார்களோ அந்த வீட்டின் சொல்லால் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை சிறு பயிற்சிகள். அவற்றை எழுத வேண்டியதில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

சிக்கந்தருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் போவான். காலைப் பொழுது எங்களுடையது. புதன்கிழமை ஓட்டம் என்று முடிவாயிற்று. தொழிற்பேட்டையின் உட்சாலைகளில் ஏழு கிலோமீட்டர் வரும் ஒரு சுற்றை அவன் தேர்ந்திருந்தான். முந்தைய நாள் தன் மோட்டார் சைக்கிளை நெடுஞ்சாலைக்கு ஓட்டிச் சென்று, பத்துக் கிலோமீட்டர் கற்களோடு அதன் மீட்டரை ஒப்பிட்டான். மீட்டர் கிலோமீட்டருக்கு நாற்பது மீட்டர் கூட்டிக் காட்டுவதைக் கண்டு, அதைக் கழித்தே சுற்றைக் குறித்தான். மூன்று சுற்று, இருபத்தொரு கிலோமீட்டர்.

விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். நல்ல குளிர். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் நிறுவனப் பேருந்துகள் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தன. இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பேருந்து என்னருகே வேகம் குறைத்து நின்றது. ஓட்டுநர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“எந்தக் கம்பெனி சார்? ஓடாதீங்க, ஏறுங்க. இன்னும் பத்து நிமிசம் இருக்குது, உட்டுடலாம்.”

பயிற்சிக்காக ஓடுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவ்வேளையில் அச்சாலையில் ஒரு மனிதன் ஓடினால் ஷிப்ட் பேருந்தைத் தவறவிட்டவன் என்றே பொருள். வேறு பொருள் அங்கே வழக்கில் இல்லை. முதல் சுற்றில் மூன்று பேருந்துகள் எனக்காக நின்றன. உள்ளே அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு இடம்விட்டு நகர்ந்து அமர்ந்ததைக் கண்டேன். அந்தப் பண்பை மறுத்து ஓடுவது, ஓடுவதைவிடக் கடினமாக இருந்தது.

மூன்றாம் சுற்றில், முதலில் நின்ற அதே ஓட்டுநர் வெற்றுப் பேருந்தோடு எதிரே திரும்பி வந்தார்.

“இன்னும் கம்பெனி கெடைக்கலையா சார்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடத்தில் முடித்தேன். சிக்கந்தர் சுற்றின் முடிவில் நின்று ஒவ்வொரு சுற்றையும் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருந்தான். முதல் தொலைவு முடிந்தது.

வியாழக்கிழமை பேரிகைக்குச் சென்றோம். அவ்வூருக்கு அருகில் ஓர் ஏரி அந்த ஆண்டு மழையில் நிரம்பியிருந்தது. மீன் குத்தகைக்காரரிடம் சொல்லி, பரிசல் தள்ளும் முனியப்பாவைத் துணைக்குப் பெற்றோம். ஐம்பது வயதிருக்கும், தெலுங்கு பேசும் குடும்பம், தமிழும் கன்னடமும் அதே வேகத்தில் பேசினார். கரை நேராக இருந்த பகுதியில் சிக்கந்தர் முப்பது மீட்டர் நாடாவைப் பதினைந்து முறை முழுதாக விரித்தான். பதினாறாம் முறை இருபத்தைந்தில் நிறுத்தி, சிவப்புத் துணி கட்டிய ஒரு கழியை நட்டான். மதகிலிருந்து கழிவரை நானூற்று எழுபத்தைந்து மீட்டர். கரையை ஒட்டி நான்கு முறை நீந்தினால் 1.9 கிலோமீட்டர். பிறகு கழியிலிருந்து தொடங்கி மீண்டும் ஒரு முறை அளந்தான்.

காவிரி ஒரு பக்கமாகத் தள்ளும். நீந்துபவன் பாதி வேலை செய்தால் போதும். ஏரி எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகவும் ஒரு முழத்துக்குக் கீழே பல் கிட்டும்படியும் இருந்தது. முனியப்பாவின் பரிசல் மூன்று கை தள்ளி வந்தது. இரண்டு முறை வரை அவர் பேசவில்லை. மூன்றாம் முறை கழியைத் தொட்டுத் திரும்பியபோது பொறுக்க முடியாமல் கேட்டார்:

“எதுனா உழுந்துடுச்சா சார் தண்ணியில?”

நான் தலையைத் தூக்கி, இல்லை என்றேன்.

“அப்பறம் என்னாத்துக்குத் தேடுறீங்க? சொன்னா நானே வலை போட்டு எடுத்துடுவன்ல.”

கரைமேல் நடந்துவந்த சிக்கந்தர், “பேசாத முனியப்பா, அவன் மூச்சு போவுது” என்றான்.

“மூச்சு போவாம இருக்கத்தானே கேக்கறேன்” என்றார் அவர்.

நான்காம் முறை மதகைத் தொட்டபோது ஒரு மணி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முனியப்பா எனக்கு ஒரு கெளுத்தி மீனைக் கொடுத்தார். தேடியது கிடைக்காதவனுக்கு ஆறுதலாகக் கொடுத்தாரா, முடித்தவனுக்குப் பரிசாகக் கொடுத்தாரா என்று கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை.

வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை மிதிவண்டி. சிக்கந்தர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாகவே ஏற்பாடு. ஆனால் முதல் ஷிப்டுக்கு வரவேண்டியவர் வராததால் விடியற்காலையில் அவனைத் தொழிற்சாலைக்கு அழைத்துவிட்டார்கள். தனியே போகிறேன் என்றேன். அவன் வீட்டிலிருந்து மாநில எல்லைவரை இருபத்தெட்டுக் கிலோமீட்டர் என்பதை இருவரும் முன்பே அளந்திருந்தோம். எல்லைக்கு அப்பால் பதினேழு கிலோமீட்டர் சென்று திரும்பினால் தொண்ணூறு.

“அந்தாண்ட கல்லுல எல்லாம் கன்னட நம்பரா இருக்கும். ஒன்னால படிக்க முடியுமா?” என்று கேட்டான்.

முடியும் என்றேன். பொய்யில்லை. புறப்படுவதற்கு முன்பே கன்னட அரிச்சுவடி ஒன்றை வாங்கிப் பத்து இலக்கங்களையும் ஒரு மாலையில் மனப்பாடம் செய்திருந்தேன். பழைய தமிழ் இலக்கங்களைக் கல்வெட்டுப் படிகளில் படித்துப் பழகியவனுக்கு அது பெரிய வேலையன்று என்று எண்ணினேன்.

எல்லையில் கோடு எதுவும் இல்லை. சாலையின் நிறம் மாறுகிறது, கடைப் பலகையின் எழுத்து மாறுகிறது, அவ்வளவே. கடவுச்சீட்டு வாங்கிக் கடல் கடக்கவிருந்தவன், அதற்குமுன் ஒரு தேநீர்க் கடைக்கும் ஒரு பஞ்சர் கடைக்கும் நடுவில் வேற்று நிலம் புகுந்தேன். புகுந்ததும் முதல் கல். இருபத்தொன்பது என்று படித்தேன். கற்கள் அடுத்த ஊருக்கு உள்ள தொலைவைக் காட்டுவதால் எண் குறைந்துகொண்டே போகும். ஆக, பன்னிரண்டு என்ற கல்லில் திரும்ப வேண்டும். மனத்தில் எழுதிக்கொண்டேன்.

அதற்கப்பால் அறுவடை. உழவர்கள் கேழ்வரகுத் தாளைச் சாலையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் கதிரை அடித்துக் கொடுக்கும். சாலையோரத்துக் கற்களும் தாள்குவியலுக்குள் இருந்தன. என் மிதிவண்டி முதல் பரப்பிலேயே வழுக்கியது. தாள் சங்கிலியில் சுற்றிக்கொண்டது. இறங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அருகில் நின்ற முதியவர் ஒருவர் தம் மகனிடம் கன்னடத்தில் சொன்னதன் பொருள் இது: “லாரி வந்தால் வேலை நடக்கும். இதற்கு என்ன கனம் இருக்கிறது? ஒரு மணி உதிருமா? இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்.” மகன் சிரித்துவிட்டு எனக்காகத் தாளை ஒதுக்கி வழி செய்தான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். பன்னிரண்டாம் கல்வரை என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றான். கல் இருக்கிறது என்றேன். அவன் மேலும் கேட்கவில்லை.

இவ்வாறு ஐந்து இடங்களில் இறங்கித் தள்ளினேன். பன்னிரண்டாம் கல் தெளிவாக, தாளின்றி, ஒரு புளியமரத்தடியில் இருந்தது. தொட்டுத் திரும்பினேன். திரும்பும் வழியில் எதிர்க்காற்று. வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஓசூரின் புறத்தே உள்ள கடைசி ஏற்றத்தில் ஒரு பால்வண்டிக்காரர் என்னை எளிதாகக் கடந்து சென்றார். வீடு சேர்ந்தபோது, புறப்பட்டு ஐந்து மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஜரினா கதவைத் திறந்து, “முடிஞ்சுதுங்களாண்ணே?” என்றார். முடிந்தது என்றேன்.

மாலையில் சிக்கந்தர் படிவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டான்.

“பார்டர் கல்லு எவ்வளவு?”

“இருபத்தொன்பது.”

“திரும்புன கல்லு?”

“பன்னிரண்டு.”

“நீயே படிச்ச?”

“நானே படித்தேன்.”

மூன்று வரிக்கும் நேரே நான் கையெழுத்திட்டேன். கீழே அவன் இட்டான். தொழிற்சாலையில் இடும் அதே கையெழுத்து, தேதியோடு.

ஞாயிறு காலையில் மிதிவண்டியை லாரி பார்சல் அலுவலகத்தில் கொடுத்தோம். திங்கள் காலையில் தொலைநகல் கடை திறந்ததும் படிவத்தை அனுப்பிவிட்டுப் பேருந்து ஏறுவதாகத் திட்டம். நண்பகலில் முனியப்பாவிடம் விடைபெறப் பேரிகைக்குப் போனோம். அவர் மீன் கொண்டுபோயிருந்தார். காத்திருந்த நேரத்தில் லட்சுமம்மா என்ற பெண் நடத்தும் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். சுவரில் ஒரு மாதக் காலண்டர். எல்லைக்கு அப்பாலுள்ள ஏதோ கடை கொடுத்தது. எண்கள் எல்லாம் கன்னடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைக்கு வந்தேன். இருபத்தைந்துக்கும் இருபத்தேழுக்கும் நடுவில், எல்லைக் கல்லில் நான் கண்ட வடிவம் இருந்தது.

கன்னடத்தில் ஆறும் ஒன்பதும் உடன்பிறந்தவை. உடல் ஒன்று, வால் திரும்பும் பக்கம் மட்டும் வேறு.

“என்னா சார், லீவு தேடுறீங்களா?” என்றார் லட்சுமம்மா.

அந்த எண் என்ன என்று கேட்டேன்.

“இருவத்தாறு. ஒம்பதுக்கு வாலு இந்தாண்ட போவும். எங்க ஊட்டுக்காரருகூட மொதல்ல மாத்தி மாத்திப் படிப்பாரு. ஒரு கல்யாணத்துக்கு மூணு நாளு கழிச்சுப் போயிட்டு வந்தாரு.”

சிக்கந்தர் தேநீரைக் கீழே வைத்தான். இருவரும் மோட்டார் சைக்கிளில் எல்லைக்குச் சென்றோம். கல்லைப் பார்த்தேன். வால் ஒன்பதுக்குரிய பக்கம் திரும்பவில்லை. அடுத்த கல் ஒரு தாள்குவியலின் அடியில் இருந்தது. சிக்கந்தர் குனிந்து தாளை விலக்கினான். இருபத்தைந்து. எல்லைக் கல்லுக்குத் திரும்பி, அங்கிருந்து புளியமரத்தடிக் கல்வரை மீட்டர் வைத்துச் சென்றோம். திருத்தம் கழித்தால், எல்லைக் கல்லிலிருந்து பதினான்கு. போக நாற்பத்திரண்டு, வர நாற்பத்திரண்டு. எண்பத்து நான்கு.

வீட்டில் படிவம் மேசைமேல் அப்படியே இருந்தது. ஜரினாவிடம் சொன்னோம்.

“ஆறு கிலோமீட்டரு தானேண்ணே? இங்கருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வர்ற தூரம். வைக்கோல்ல எறங்கி எறங்கித் தள்ளுனதுக்கே அத சேத்துக்கலாம். எவன் வந்து அந்தக் கல்லப் பாக்கப் போறான்?”

“எவனும் வரமாட்டான்” என்றான் சிக்கந்தர். “நான் நாளைக்கு டூட்டிக்குப் போவேன்ல. ஒரு பீஸ் ஆறு பாயிண்டு கம்மியா வரும். அதுல நான் செகப்பு அடிக்கணும்ல.”

வேறு மிதிவண்டியில் மறுநாள் மீண்டும் ஓட்டுவதைப் பற்றிப் பேசினோம். என் முழங்கால் மடங்கவில்லை. மறுநாள் புறப்படாவிட்டால் செவ்வாய்க்கிழமைப் பணிக்குச் சேரவும் முடியாது. ஆகவே படிவத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். உண்மையில் கையிலும் எடுத்துவிட்டேன்.

“வைடா அத. ஸ்கிராப்புல போடுற அளவுக்கு என்ன ஆயிடுச்சு? டீவியேஷன் போடுவோம்.”

அச்சொல்லை அவன் விளக்கினான். அவர்கள் தொழிற்சாலையில் அளவு குறைந்த பாகத்துக்கு மூன்று வழிகள் உண்டு. மீண்டும் இயந்திரத்தில் ஏற்றித் திருத்தலாம். திருத்த முடியாவிட்டால் உடைத்துப் போடலாம். அவ்விரண்டும் இயலாதபோது, குறை எவ்வளவு, ஏன் நேர்ந்தது என்பதை உள்ளபடி எழுதி, வாங்குபவருக்கே அனுப்பி, இப்படி இருக்கிறது, ஏற்பீர்களா என்று கேட்கலாம். அந்தத் தாளுக்குப் பெயர்தான் டீவியேஷன்.

“ஏற்றுக்கொண்டால்?”

“வண்டியில மாட்டி ஓடும்.”

“இல்லாவிட்டால்?”

“திரும்பி வரும். பீஸ்தான் வரும், கேவலம் வராது.”

அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். விலகல் என்றால் பொருள் பிறழ்கிறது. விலக்கு என்றால் கேட்குமுன்பே கிடைத்துவிட்டது போல் ஒலிக்கிறது. இதை வாய்விட்டுச் சொன்னேன்.

“பேர நாளைக்கு வச்சுக்கலாம். மொதல்ல நம்பர எழுது” என்றான்.

எழுதும் முறையையும் அவனே சொன்னான். தவறான எண்ணை அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. மேலேயே எழுதக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும், அடியிலுள்ள எண் தெரியும்படி. பக்கத்தில் சரியான எண். அதனருகே சுருக்கக் கையெழுத்து. 90 என்பதன்மேல் கோடிழுத்து 84 என்று எழுதினேன். இருவரும் சுருக்கக் கையெழுத்திட்டோம்.

“இப்ப காரணம் எழுதணும். ஏன் கொறஞ்சுது?”

“கன்னட எண் ஒன்றைத் தவறாகப் படித்தேன்.”

“ஏன் தப்பாப் படிச்ச?”

“ஆறும் ஒன்பதும் ஒன்றுபோல் இருக்கின்றன.”

“அது கல்லோட கொறை இல்லையே. அவங்க எல்லாரும் படிக்கிறாங்கள்ல. நீ ஏன் தப்பாப் படிச்ச?”

“அரிச்சுவடியில் ஒரு மாலை மட்டுமே படித்திருந்தேன்.”

“அங்க ஆளே இல்லையா கேக்க?”

இருந்தார்கள். ஒரு முதியவர், அவர் மகன். மகன் எனக்கு வழி ஒதுக்கித் தந்து, எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்டான். நான் அவனிடம் ஒரு கல்லின் எண்ணைக் கேட்டிருக்கலாம்.

“ஏன் கேக்கல?”

இது நான்காவது ஏன். ஜரினா தையல் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இருபது ஆண்டுகளாக எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், வயற்காட்டில் நின்று, இது என்ன எழுத்து என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது ஐயம். அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

“அதத்தான் எழுதணும். மத்ததெல்லாம் காரணம் இல்ல” என்றான்.

எழுதினேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. தமிழாக்கினால் இரு வரி: “எல்லைக்கு அப்பாலுள்ள கல்லில் இருபத்தாறு என்றிருந்ததை இருபத்தொன்பது என்று படித்தேன். தெரியும் என்று எண்ணியதால், அருகில் ஆள் இருந்தும் கேட்கவில்லை.” சிக்கந்தர் அதைப் படித்தான். பழைய கையெழுத்துக்குக் கீழே, நீச்சலையும் ஓட்டத்தையும் தான் நேரில் பார்த்ததாகவும், மிதிவண்டித் தொலைவை மறுநாள் அளந்து எண்பத்து நான்கு என்று கண்டதாகவும் எழுதி மீண்டும் கையெழுத்திட்டான்.

“இருந்தாலும் அவங்களுக்கு இம்புட்டு வெளக்கம் வேணாம்ண்ணே” என்றார் ஜரினா. “படிச்சுட்டுச் சிரிப்பாங்க.”

“சிரிச்சுட்டுப் போவட்டும். ஃபைல்ல இருக்கும்” என்றான் அவன்.

திங்கட்கிழமை காலை. தொலைநகல் அனுப்பும் கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், அடிச்சுத் திருத்தியிருக்குது. பாக்க நல்லால்ல. ஜெராக்ஸ்ல ஒரு வெறும் ஃபாரம் எடுத்துத் தர்றேன், நீட்டா எழுதுங்க. எட்டு நிமிசம் ஆவும், நான் வெயிட் பண்றேன்” என்றார். நல்ல மனிதர். அடித்தது அடித்தபடியே போக வேண்டும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அனுப்பினார். சென்று சேர்ந்தது என்று இயந்திரம் ஒரு சீட்டை ஈன்றது. அச்சீட்டு என்னிடம் உள்ளது. பேருந்தில் ஏறியபோது கையில் மிதிவண்டி இல்லாதது ஆறுதலாக இருந்தது. கிருஷ்ணகிரியில் நான்குவழிச் சாலைக்காரர்கள் அதே இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இனி, தெரியாதவை. இதை எழுதும் இன்றுவரை தீவிலிருந்து விடை வரவில்லை. என் படிவத்தை ஏற்பார்களா, திருப்புவார்களா என்பது தெரியாது. யாராவது சிரித்தார்களா என்பதும் தெரியாது. மிதிவண்டி சேலத்தில் இருப்பதாகப் பார்சல் அலுவலகத்தில் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. அது வந்து சேரும்வரை விடுபட்ட தொலைவை ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. எண்பத்து நான்கு கிலோமீட்டர்வரை என் கால்கள் என்ன செய்யும் என்பதை அறிவேன். எண்பத்தைந்தாவதில் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது.